விட்டுட்டன் என்ற ஒரு சொல்

புருசன் றமீஸ் அனுப்பிய குரல் பதிவு ஒரு மூச்சுக்குள் முடிந்துவிடும் அளவுதான் இருந்தது. அது வந்தபோது அஸ்பியா மகளுக்கு இரட்டைப் பின்னல் பின்னிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் முடிந்து, மற்றப் பக்கத்து முடியை மூன்றாகப் பிரித்த நேரம் போன் அதிர்ந்தது. பின்னலைப் பிடித்தபடியே ஒரு விரலால் பதிவைத் தட்டிவிட்டு, தோளால் அணைத்துக் காதோடு வைத்துக் கேட்டாள்.

"சரி. நான் உன்ன விட்டுட்டன். இனி உன்ட பாடு."

பின்னலை முடித்து றிபன் கட்டினாள். பள்ளிக்கூட வேன் வந்தது. மகளை ஏற்றிவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தாள். கத்தி பட்டால் இரத்தம் வருவதற்கு முன்னால் வெட்டு வெள்ளையாகத் தெரியுமே, அப்படி ஏதோ தெரிந்தது. இரத்தம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை.

அவளுடைய வீடு சாய்ந்தமருதில், கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்து வழக்கப்படி வாப்பா கட்டி, கலியாணத்தோடு அவள் பேருக்கு எழுதிக் கொடுத்த வீடு. கலியாணம் முடித்து வந்த றமீஸ் அங்கே தொடர்ந்து இருந்தது கொஞ்ச மாதங்கள்தான். பிறகு கத்தாருக்குப் போய் லொறி ஓட்டினான். லீவுக்கு வருவான், மெத்தை மாற்றுவான், கிணற்றடிக்குச் சீமெந்து போடுவான், போய்விடுவான். மிச்சமெல்லாம் போனில் நடந்த குடித்தனம். மகளுக்கு முதல் பல் முளைத்ததும், வாப்பா மௌத்தானதும், கூரைத் தகரம் காற்றோடு போனதும் எல்லாம் அவனுக்குச் சொல்லப்பட்ட செய்திகள். சொல்லும்போது அவள் அழுதது ஒரு காலம். பிறகு வெறும் செய்தியாகச் சொல்லப் பழகிக்கொண்டாள்.

அவள் தமிழை முக்கிய பாடமாக எடுத்துப் பட்டம் படித்தவள். ஆசிரிய நியமனம் வரும் வரும் என்று இருந்து, வராமல் போனபின்தான் இந்த வேலை கிடைத்தது. கணினிக்குத் தமிழ்ச் சொற்களின் பொருளைப் பழக்குகிற ஆராய்ச்சி ஒன்று. கொழும்பில் இருந்த ஒரு பேராசிரியை அதை நடத்தினார். வீட்டிலிருந்தே செய்யலாம். திரையில் ஒரு வசனம் வரும். அதில் ஒரு சொல் மட்டும் நிறத்தில் இருக்கும். அந்தச் சொல்லுக்கு உள்ள பொருள்கள் கீழே வரிசையாக வரும். இந்த வசனத்தில் அது எந்தப் பொருளில் வந்திருக்கிறது என்று பார்த்துக் குறிக்க வேண்டும். அதே வசனத்தை இன்னொரு ஊரில் இன்னொருவர், இவள் குறித்ததைப் பார்க்காமல் குறிப்பார். இரண்டும் ஒத்துவராவிட்டால் காரைதீவிலிருந்து சுஜித்தா போன் எடுப்பாள். அந்தப் பக்கத்து வேலைக்கு அவள்தான் பொறுப்பு. இப்படி ஆயிரக்கணக்கான வசனங்களைக் காட்டிக் காட்டித்தான், பக்கத்துச் சொற்களை வைத்துப் பொருளைப் பிடிக்கக் கணினி பழகுகிறது என்று சுஜித்தா முதல் நாளே விளங்கப்படுத்தியிருந்தாள்.

"ஆறு எண்டா லேசு, அஸ்பியாக்கா," என்பாள் சுஜித்தா. "தண்ணி ஓடுற ஆறுக்கும் எண்ணுற ஆறுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. மெசினே பிரிச்சிரும். ஒண்டுக்குள்ள ஒண்டு முளைச்ச கருத்துகள்தான் கரைச்சல். வரம்பு கட்டாத வயல் மாதிரி. எந்த இடத்துல எங்கட காணி முடியுது எண்டே தெரியா."

'விடு' அப்படிப்பட்ட சொல். பள்ளிக்கூடம் விட்டது. மழை விட்டது. வயலுக்குத் தண்ணீர் விட்டார்கள். அவன் சுருட்டை விட்டான். பிள்ளையைப் படிக்க விட்டார்கள். பொலிஸ் அவனை விட்டது. பஸ்ஸை விட்டுவிட்டேன். பெருமூச்சு விட்டாள். எல்லாவற்றிலும் ஏதோ ஒரு பிடி தளர்கிறது. ஆனால் தளர்வது யாருடைய கை, தளர்ந்தபின் மிஞ்சுவது யார் என்பது இடத்துக்கு இடம் மாறிக்கொண்டே போகும். அஸ்பியா இந்தச் சொல்லில் மட்டும் பல நாள் செலவழித்தவள்.

றமீஸோடு சண்டை வந்ததும் இந்த வேலையால்தான். குறியிடுகிறவர்கள் எல்லாரையும் ஒரு கிழமைக்குக் கொழும்புக்கு வரச் சொல்லியிருந்தார்கள். றமீஸ் போகக்கூடாது என்றான். அவள் போவேன் என்றாள். நாலைந்து நாள் போனில் இழுபட்டது. அதன் முடிவில்தான் அந்தக் குரல் பதிவு வந்தது.

பகலுக்கு உம்மா மீன் அரிந்துகொண்டிருந்தபோது அஸ்பியா போனைப் பக்கத்தில் வைத்து அதைப் போட்டுக் காட்டினாள். மீன்காரன் வந்து போனதைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"உம்மா, காலையில இவர் இப்பிடி அனுப்பியிருக்கார்."

உம்மா கேட்டாள். கையிலிருந்த மீனைச் சட்டிக்குள் போட்டுவிட்டு, செதில் ஒட்டிய விரலாலேயே போனைத் தொட்டு இன்னொருமுறை கேட்டாள்.

"யா அல்லாஹ். இதென்ன புள்ள கதை? விட்டுட்டன் எண்டா?"

"தெரியா உம்மா."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்டும் சொல்லல்ல."

உம்மா கை கழுவாமலேயே றிஸ்மிக்குப் போன் அடித்தாள். றிஸ்மி அஸ்பியாவின் மூத்த அண்ணன், அவளுக்குக் காக்கா. கல்முனை பசாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறவன். கடையை வேலையாளிடம் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். பதிவைக் கேட்டான். முகம் கறுத்துவிட்டது.

"இது விளையாட்டில்ல. அவன் தலாக் எண்ட நிய்யத்துல, மனசுல அத நினைச்சிச் சொல்லியிருந்தா, நீ இப்ப அவனுக்குப் பொஞ்சாதி இல்ல. அப்பிடி இல்லாட்டி இருக்காய். ரெண்டுல ஒண்டு தெரியாம இந்த வீட்டுல சோறு இறங்குமா?"

"கொழும்புக்குப் போகச் சொல்லியும் சொன்ன மாதிரித்தான் கிடக்கு," என்றாள் அஸ்பியா.

"அதத்தான் நானும் கேக்கன். எது?"

வேலையில் இப்படி ஒரு வசனம் வந்தால், முன்னும் பின்னும் என்ன இருக்கிறதென்று பார்ப்பாள். இதற்கு முன்னால் சண்டை இருந்தது. பின்னால் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு அவன் போன் எடுக்கவே இல்லை.

கலியாணம், தலாக் விசயங்களைத் தீர்க்கிற காழியாரிடம் றிஸ்மி அவளைக் கூட்டிப் போனான். வீட்டு முன்மண்டபம்தான் அவருடைய அலுவலகம். மின்விசிறிக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரைகள். காழியார் பதிவைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திருப்பிப் போடச் சொன்னார். பிறகும் போடச் சொன்னார்.

"தங்கச்சி, தலாக் எண்ட சொல்லையே சொன்னா நிய்யத் கேக்கத் தேவையில்ல. சொன்னது சொன்னதுதான். இது பல கருத்துள்ள சொல். இப்பிடியான இடத்துல சொன்னவர்ட உள்ளத்துல என்ன இருந்திச்சி எண்டு அவருக்கிட்டத்தான் கேக்கணும். அதுக்கு முதல் உங்களுக்கிட்டயும் ஒருக்கா கேக்கன். நீங்க எப்பிடி விளங்கின?"

"எனக்கு விளங்கல்ல ஹஸரத்."

"பயந்தீங்களா? கோவம் வந்திச்சா?"

யோசித்தாள். அவருக்கு உண்மையைச் சொல்ல விரும்பினாள். "ஒண்டும் வரல்ல," என்றாள்.

றிஸ்மி அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பதிலால் தங்கச்சிக்கு ஏதும் பாதகம் வருமோ என்று பயந்தது போல இருந்தது அவன் பார்வை.

போனில் றமீஸின் முகம் வந்தது. லொறிக்குள் இருந்தான். கண்ணாடிக்கு வெளியே வெயில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது. காழியார் சலாம் சொல்லி, நேரே விசயத்துக்கு வந்தார்.

"தம்பி, விட்டுட்டன் எண்டு சொல்லியிருக்கீங்க. மனைவிய நீக்குற நிய்யத்துலயா சொன்ன?"

றமீஸ் கண்ணாடிக்கு வெளியே எதையோ தேடுகிறவன் போலப் பார்த்தான்.

"இல்ல ஹஸரத். கொழும்புக்குப் போகப் போறன் எண்டு ஒரே நிண்டா. சரி போ எண்டு விட்டன். அதுதான்."

"அல்லாஹ்ட பேரால சொல்லுவீங்களா?"

"வல்லாஹி. அந்த நிய்யத் இல்ல."

"அப்ப கொழும்புக்குப் போறதுக்கு உங்கட அனுமதி இருக்கு. அதுதானே கருத்து?"

"ஓம்," என்றான் றமீஸ்.

உம்மா அன்று பால்சோறு ஆக்கி அயலுக்குக் கொடுத்தாள். றிஸ்மி பெரிய சுமை இறங்கியவன் போலச் சிரித்துக் கதைத்தான். அஸ்பியாவும் சிரித்தாள். பால்சோறு தேங்காய்ப்பாலில் நன்றாக வெந்திருந்தது தெரிந்தது. ருசி தெரியவில்லை. ஒருவேளை காய்ச்சல் வரப்போகிறதோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நெற்றி குளிர்ந்துதான் இருந்தது.

கொழும்புக்குச் சுஜித்தாவோடு பஸ்ஸில் போனாள். யாழ்ப்பாணம், மன்னார், ஹட்டன், புத்தளம் என்று பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பேராசிரியை நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். மெல்லிய குரல். இரண்டாம் நாள் அவர் எல்லாருக்கும் ஒவ்வொரு வெற்றுத்தாள் கொடுத்து, குறியிடவே முடியாத ஒரு வசனத்தை எழுதித் தரச் சொன்னார். பேர் எழுத வேண்டாம் என்றார். அஸ்பியா யோசிக்கவே இல்லை. கை எழுதிவிட்டது. எழுதி மடித்துக் கொடுத்தபின்தான் என்ன எழுதினோம் என்று கண்டாள். திருப்பி வாங்கலாம்தான். அதற்கு எழும்ப வேண்டுமே என்று இருந்துவிட்டாள்.

மத்தியானத்துக்குப் பிறகு அது திரையில் வந்தது. நான் உன்ன விட்டுட்டன். இனி உன்ட பாடு.

"இது கைவிட்டதுதான்," என்றான் யாழ்ப்பாணத்துப் பெடியன். "உன்ரை பாடு எண்டு வருது. உறவை முறிச்சாச்சு."

ஹட்டனிலிருந்து வந்த ஆசிரியை தலையாட்டவில்லை. "எங்கம்மா என்னைய டவுனுக்கு வேலைக்கு அனுப்புறப்ப இதையேதான் சொன்னாங்க. போக விட்டுட்டேன், இனி உன் பாடு. கோபத்துல சொன்னாலும் அது அனுமதிதான்."

"வாக்குவாதத்த விட்டதாவும் இருக்கலாம்," என்றார் புத்தளத்து மனிதர். "போதும், இனி நான் கதைக்கமாட்டன் எண்ட மாதிரி."

பேராசிரியை அந்த வசனத்தைக் கணினிக்குக் கொடுத்துப் பார்த்தார். அது கைவிடுதலுக்கும் அனுமதித்தலுக்கும் இடையில் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரித்து, கொஞ்சத்தை நிறுத்துதலுக்கு ஒதுக்கியது. "பாருங்கள், 'விட்டுட்டன்' என்பதற்குள்ளேயே விடு இரண்டு தரம் இருக்கிறது," என்றார் அவர். "விட்டுவிட்டேன். முதலாவதுக்குத்தான் பொருள். இரண்டாவது, காரியம் முடிந்துபோய்விட்டது என்று மட்டும் சொல்கிறது. எதை விட்டார் என்று நமக்குத் தெரியாது. ஆனால் விட்டு முடித்துவிட்டார் என்று தெரியும்." பிறகு கேட்டார்: "யார் யாருக்குச் சொன்னது? எழுதினவர் சொன்னால் உதவியாக இருக்கும்."

அஸ்பியா எழும்பினாள். "புருசன் பொஞ்சாதிக்குச் சொன்னது."

யாரோ பின்வரிசையில் லேசாகச் சிரித்து நிறுத்திக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்துப் பெடியன் வென்றவன் போல நிமிர்ந்தான்.

"நீங்கள் இதற்கு எந்தப் பொருளைக் குறிப்பீர்கள்?" என்று கேட்டார் பேராசிரியை.

"மழை விட்டது எண்டு வருமே. அது."

"அதில் விடுகிற ஆள் என்று யாரும் இல்லை. இங்கே நான் இருக்கிறது, உன்னை இருக்கிறது. இலக்கணம் இடம் கொடுக்காதே."

"ஓம், இடம் குடுக்காது. எனக்குக் கேட்டது அப்பிடித்தான்."

பேராசிரியை அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல், இப்படியான வசனங்களுக்கு இரண்டு பொருளையும் குறிக்க இனி வசதி செய்வோம் என்று சொல்லி அடுத்த தாளை எடுத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில், மகியங்கனை தாண்டியபின் சுஜித்தா கேட்டாள். "அக்கா, அது உங்கடயா?"

"ஓம்."

சுஜித்தா தன் பையிலிருந்த தோடம்பழத்தை உரித்துப் பாதியை அவள் கையில் வைத்தாள்.

றமீஸ் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு லீவில் வந்தான். குர்பானி இறைச்சி பங்கு வைத்தான். மகளைக் கூட்டிக்கொண்டு அறுகம்பேக்குப் போய் அலையில் ஓடுகிற வெள்ளைக்காரரைக் காட்டினான். அஸ்பியா அவனுக்குப் பிடித்த மாதிரி சூரைமீன் ஆணம் ஆக்கினாள். கட்டிலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்தார்கள். காழியார் வீட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அவன் அவளைத் தொட்டபோது, மரத்துப்போன காலில் யாரோ விரல் வைப்பது போல, தொடுவது தெரிந்தது. அவ்வளவுதான்.

பயணம் போகிற அன்று பின்னேரம், வேன் வருமுன், அவன் சூட்கேசுக்கு மேலே இருந்துகொண்டு கேட்டான்.

"அண்டைக்கு நான் சொன்னத நீ எப்பிடி எடுத்த?"

"நீங்க காழியாருக்குச் சொன்ன மாதிரித்தான்."

அவன் தரையைப் பார்த்தான். "சத்தியம் பண்ணினன். பொய்ச் சத்தியம் இல்ல. ஆனா மெய்யும் தெரியா புள்ள. சொல்லக்குள்ள எனக்குள்ள எதுவும் இருக்கல்ல. களைப்பு. பெரிய களைப்பு. வாயில வந்திச்சி, அனுப்பினன். காழியார் எதுடா எண்டு கேட்டத்துக்குப் பிறகுதான் எது எண்டு தேடினன். ரெண்டும் கிடந்திச்சி. ஒண்ட எடுத்தன்."

இத்தனை வருடத்தில் அவன் அவளிடம் சொன்ன நீளமான கதை அதுதான். அஸ்பியாவுக்கு அவன்மேல் இரக்கம் வரவேண்டும் என்று தெரிந்தது. அந்த இரக்கம் எங்கே இருக்க வேண்டும் என்றுகூடத் தெரிந்தது. அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். வெறுமையாக இருந்தது.

"அடுத்த முறை சொல்றெண்டா விளங்குற மாதிரிச் சொல்லுங்க," என்றாள்.

அவன் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். அவள் குறை சொல்கிறாளா, கேட்கிறாளா, வேண்டாம் என்கிறாளா என்று தேடுகிற பார்வை. வெளியே வேன் ஹோர்ன் அடித்தது. மகளை முத்தமிட்டுவிட்டுப் போனான்.

அதற்கு அடுத்த லீவில் அவன் விமானத்தால் இறங்கி நேரே தன் உம்மா வீட்டுக்குப் போனான். அங்கிருந்து காழியாரிடம் போய் முறைப்படி தலாக்குக்கு விண்ணப்பித்தான். காழியார் இருவரையும் சேர்த்து வைக்கப் பல முறை கூப்பிட்டுக் கதைத்தார். சண்டை இல்லை, குற்றச்சாட்டு இல்லை, எதைத் தீர்த்து வைப்பது என்று அவருக்கே விளங்கவில்லை. கடைசியில் சாட்சிகளுக்கு முன்னால் றமீஸ் அந்த அறபுச் சொல்லைச் சொன்னான். அதற்கு வேறு கருத்து இல்லை. மண்டபத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரி விளங்கியது.

வெளியே வரும்போது றிஸ்மி அவனை மறித்தான்.

"ஏன்டா இப்பிடிச் செய்த?"

"நான் என்ன செய்ய மச்சான். அவதான் கேட்டா."

றிஸ்மி தங்கச்சியிடம் வந்தான். "நீயா கேட்ட?"

அஸ்பியா நினைத்துப் பார்த்தாள். அன்று வேன் வருமுன் தான் சொன்ன வசனம் சொல்லுக்குச் சொல் ஞாபகத்தில் இருந்தது. அதை என்ன கருத்தில் சொன்னோம் என்பது ஞாபகத்தில் இல்லை. எப்போதாவது இருந்ததா என்றும் தெரியவில்லை.

"கேட்டும் இருக்கலாம் காக்கா," என்றாள்.

தலாக்குக்குப் பிறகு பெண் காத்திருக்க வேண்டிய இத்தாக் காலத்துக்கு வீட்டுக்குள் இருந்தாள். வெளியே போகத் தேவை இல்லாத வேலை கையில் இருந்தது வசதியாகப் போயிற்று. மகள் வாப்பாவோடு வெள்ளிக்கிழமைகளில் போனில் கதைத்தாள். அவன் கேட்டால் அஸ்பியாவும் இரண்டு வார்த்தை கதைப்பாள். மரியாதையாகத்தான் கதைத்துக்கொண்டார்கள். சுஜித்தா ஒருநாள் காரைதீவிலிருந்து தயிர்ச்சட்டியோடு வந்து, பகல் முழுக்கப் பக்கத்தில் இருந்து, எருமை கன்று ஈன்றதையும் தன் தம்பி சுலக்சனுக்குப் பெண் பார்ப்பதையும் சொல்லிவிட்டுப் போனாள்.

புதிதாக வந்த சொல் 'வை'. பானையை அடுப்பில் வைத்தாள். பேர் வைத்தார்கள். அவன்மேல் அன்பு வைத்தாள். சொல்லி வைத்தான். பட்டியல் நீளமாக இருந்தது. ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு போனாள்.

"சோறு திண்டயா புள்ள?" என்று உம்மா குசினியிலிருந்து கேட்டாள்.

"ஓம் உம்மா," என்றாள். இன்னும் சில வசனங்களைக் குறித்தாள். பிறகுதான், காலையிலிருந்து தான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது தெரிந்தது. மடிக்கணினியை மூடிவிட்டு எழும்பிப் போய் ஒரு பீங்கானில் சோறு போட்டு, நின்றபடியே சாப்பிட்டாள். ஆணத்துக்கு உப்புக் கொஞ்சம் கூடியிருந்தது. தண்ணீர் குடித்தாள்.